மேட்டுநில நெல்லைக் கணக்கில் விளைவித்துப் பார்த்தல்: பயிர் மாதிரிகளுக்கு ஓர் அறிமுகம்

நெல் என்றதும் நீர் நிற்கும் வயலே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் உலகின் பல மலைச்சரிவுகளில், நீரைத் தேக்கும் வரப்பு ஏதுமின்றி, சோளத்தையும் கேழ்வரகையும் போல மழையை மட்டுமே நம்பி நெல் விளைகிறது. இதைத்தான் மேட்டுநில நெல் என்கிறோம். சங்கப் பாடல்கள் மலைநெல்லுக்கு ஐவனம் என்று தனிப்பெயரே வைத்திருந்தன. இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளின் புழுதி விதைப்பு இதற்கு நெருங்கியது என்றாலும் இதுவே அன்று. அங்கே காய்ந்த மண்ணில் விதைத்த பயிருக்குப் பிற்பாடு கண்மாய் நிறைந்தால் நீர் பாய்ச்சி வயலில் தேக்கிவிடுவார்கள். மேட்டுநில நெல்லோ முளைத்த நாளிலிருந்து அறுவடை நாள் வரை தேங்கிய நீரைக் காண்பதில்லை. உலக நெற்பரப்பில் இதன் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு. உற்பத்தியில் அதைவிடவும் சிறிது. ஆயினும் இதை விளைவிப்பவர்கள் பெரும்பாலும் தாம் உண்பதற்காகவே விளைவிக்கும் சிறு விவசாயிகள் என்பதால், ஒரு பருவம் பொய்த்தால் அந்த இழப்பு நேராக வீட்டின் உலைப்பானைக்குப் போய்விடுகிறது.

இத்தகைய ஒரு நிலத்தில் எப்போது விதைப்பது, எந்த இரகத்தை விதைப்பது, கையிலுள்ள கொஞ்ச எருவை எந்தத் துண்டில் இடுவது என்ற கேள்விகளுக்கு வயல் சோதனை ஒன்றினால் மட்டும் விடை காண்பது கடினம். ஒரு சோதனை ஓர் ஆண்டின் மழையை மட்டுமே காண்கிறது. முப்பது ஆண்டுகளின் மழைக்கு விடை வேண்டுமென்றால் முப்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பைத் தவிர்ப்பதற்காக உருவான கருவியே பயிர் மாதிரி.

பயிர் மாதிரி என்பது ஒரு கணினி நிரல். நாள்தோறும் அன்றைய மழை, வெயில், வெப்பநிலை ஆகியவற்றை அதற்குக் கொடுத்தால், அந்த நாளில் பயிர் எவ்வளவு வளர்ந்திருக்கும், மண்ணில் எவ்வளவு ஈரம் மிஞ்சியிருக்கும், எவ்வளவு தழைச்சத்தை (நைட்ரஜனை) வேர் எடுத்திருக்கும் என்று கணக்கிட்டு, மறுநாளின் கணக்கை அங்கிருந்து தொடங்கும். மளிகைக் கடையின் பேரேட்டைப் போல ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரவு, ஒரு செலவு, ஒரு மீதி என்று அறுவடை வரை எழுதிக்கொண்டே போகும் கணக்கு இது. இந்தத் துறையின் தொடக்கத்தைப் பலரும் நெதர்லாந்தின் வாகனிங்கனில் பணியாற்றிய டி விட் என்ற அறிஞரிடம் காண்கிறார்கள். இலைத்திரள் ஒன்றின் ஒளிச்சேர்க்கையைக் கணக்கிடும் அவரது ஆய்வு 1965-இல் வெளிவந்தது. இன்று நெல்லுக்குப் பயன்படும் மாதிரிகளில் சில: பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனமும் வாகனிங்கனும் சேர்ந்து உருவாக்கி 2001-இல் வெளியிட்ட ஒரைசா 2000, அமெரிக்காவில் வளர்ந்த டிஎஸ்எஸ்ஏடி தொகுப்பிலுள்ள செரீஸ் நெல் மாதிரி, ஆஸ்திரேலியாவின் ஆப்சிம், பிரான்ஸின் ஸ்டிக்ஸ். பெயர்கள் வேறானாலும் உள்ளே நடக்கும் கணக்கின் எலும்புக்கூடு ஏறக்குறைய ஒன்றுதான்.

அந்த எலும்புக்கூட்டைக் காட்டுவதற்கு ஓர் உண்மையான இடத்தை எடுத்துக்கொள்வது நல்லது. மடகாஸ்கர் தீவின் நடு மேட்டுப்பகுதியில் வாக்கினன்கராத்ரா என்ற வட்டாரம் இருக்கிறது. அதன் தலைநகரான ஆன்ட்சிராபே கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே பள்ளத்தாக்குகளின் அடியில் நீர் தேங்கும் நெல்வயல்கள் பழங்காலம் தொட்டு இருந்தன. மக்கள்தொகை பெருகப் பெருகப் பள்ளத்து நிலம் போதாமல், 'தனெத்தி' என்று அங்குள்ளவர்கள் அழைக்கும் செம்மண் சரிவுகளுக்கு நெல் ஏறியது. இவ்வளவு குளிரான உயரத்தில் மேட்டுநில நெல் விளையும் இடங்கள் உலகில் மிகச் சிலவே. அந்நாட்டின் வேளாண் ஆராய்ச்சி மையமான ஃபோஃபிஃபாவும் பிரான்ஸின் சிராட் நிறுவனமும் 1980-கள் முதல் குளிர் தாங்கும் இரகங்களை அங்கே உருவாக்கி வந்தன. நேபாளத்து மலையிலிருந்து வந்த சோம்ரோங் தான் என்ற இரகம் பின்னாளில் அந்த வட்டாரத்தில் பரவலாக வேரூன்றியது. மழை நவம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. ஆண்டுக்கு ஒரே ஒரு மேட்டுநில நெற்பயிர்தான்.

பயிரின் நாட்காட்டி

மாதிரி முதலில் கணக்கிடுவது பயிரின் வயதை. ஆனால் அது வயதை நாட்களில் அளப்பதில்லை, சேர்ந்த வெப்பத்தில் அளக்கிறது. நெல்லின் வளர்ச்சி ஏறத்தாழ 8 பாகை செல்சியஸில் நின்றுவிடுகிறது என்று ஒரைசா கொள்கிறது. ஒரு நாளின் சராசரி வெப்பம் 20 பாகை என்றால், அன்று பயிரின் கணக்கில் 12 அலகுகள் சேரும். 28 பாகை என்றால் 20 அலகுகள் சேரும். ஓர் இரகம் பூப்பதற்கு 1,300 அலகுகள் தேவை என்று எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்வோம். சராசரி 28 பாகை உள்ள சமவெளியில் அது 65 நாளில் பூத்துவிடும். 20 பாகை உள்ள மேட்டில் 108 நாள் ஆகும். அதே குன்றில் இன்னும் 300 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ இரண்டு பாகை குறைகிறது. அங்கே பூக்க 130 நாள் வேண்டும்.

ஒரே குன்றின் கீழ்ச்சரிவிலும் மேற்சரிவிலும் ஒரே நாளில் விதைத்த ஒரே இரகம் 22 நாள் இடைவெளியில் பூக்கிறது என்றால், அதன் விளைவு வெறும் தாமதத்தோடு முடிவதில்லை. பொதிப் பருவத்தில், அதாவது கதிர் இன்னும் இலையுறைக்குள் இருந்து மகரந்தம் உருவாகிக்கொண்டிருக்கும் நாட்களில், குளிர் பட்டால் மகரந்தம் மலடாகிக் கதிர் பதராகிவிடும். டிசம்பர் நடுவில் விதைத்த பயிர் மேற்சரிவில் ஏப்ரலின் குளிர்ந்த இரவுகளைப் பொதிப் பருவத்தில் சந்திக்கிறது. நவம்பர் தொடக்கத்தில் விதைத்தது தப்பிக்கிறது. இதைக் கணக்கிட ஒரைசா, அந்தப் பருவத்தில் சராசரி வெப்பம் 22 பாகைக்குக் கீழே எவ்வளவு இறங்குகிறது என்பதை நாள்தோறும் கூட்டிக்கொண்டே வந்து, அந்தக் கூட்டுத்தொகையிலிருந்து பதரின் விகிதத்தைக் காண்கிறது. இங்கேயே ஒரு பாடமும் இருக்கிறது. சராசரியே 20 பாகையைச் சுற்றி நிற்கும் நிலத்தில், குளிர் தாங்கும் இரகத்துக்கும் இதே 22 பாகை வரம்பை அப்படியே வைத்தால், மாதிரி ஒவ்வோர் ஆண்டும் பதரையே காட்டும். விவசாயியோ அதே நிலத்தில் நெல் அறுத்துக்கொண்டிருப்பார். நிரலோடு வரும் எண்கள் ஏதோ ஓர் இடத்தில், ஏதோ சில இரகங்களில் அளந்தெடுக்கப்பட்டவை. புதிய இடத்துக்குக் கொண்டுபோகும்போது அவற்றை மாற்றித்தான் ஆக வேண்டும்.

ஒளி, இலை, மணி

இரண்டாவது கணக்கு எளிமையானது. வெயில் இலையில் படுகிறது. இலை அதை உடற்பொருளாக்குகிறது. ஒரு சதுர மீட்டர் நிலத்தின் மேல் எத்தனை சதுர மீட்டர் இலை இருக்கிறது என்பதே இலைப்பரப்புக் குறியீடு. அது 1 ஆக இருக்கும்போது பயிர் வெயிலில் ஏறத்தாழ 40 விழுக்காட்டைப் பிடிக்கும், 3 ஆகும்போது 78, 6 ஆகும்போது 95. எனவே பயிரின் முதல் ஒன்றரை மாதத்தில் பெரும்பங்கு வெயில் வெறும் மண்ணில்தான் விழுகிறது. அந்த இடைவெளியில் களை அதை எடுத்துக்கொள்கிறது. பிடித்த ஒளியில் ஒவ்வோர் அலகுக்கும் இத்தனை கிராம் உடற்பொருள் என்று பெருக்கி, அதை வேர், தண்டு, இலை, கதிர் என்று அன்றைய பருவத்துக்கு ஏற்ப மாதிரி பங்கிடுகிறது.

விளைச்சலைத் தீர்மானிப்பதில் மணியின் எடையைவிட எண்ணிக்கையே முக்கியம். ஒரு மணியின் எடை இரகத்தைப் பொறுத்து ஏறத்தாழ நிலையானது. சதுர மீட்டருக்குப் பத்தாயிரம் மணிகள், ஒவ்வொன்றும் 0.028 கிராம் என்றால் 280 கிராம். அதாவது ஹெக்டேருக்கு 2.8 டன். கதிர் உருவாகத் தொடங்குவதிலிருந்து பூப்பது வரை உள்ள நான்கைந்து வாரங்களில் பயிர் வாடினால் மணிகளின் எண்ணிக்கை குறைந்துவிடும். பிறகு பெய்யும் மழை அதை ஈடுசெய்யாது. மொத்த மழை போதுமானதாக இருந்தும் விளைச்சல் பாதியாகும் ஆண்டுகள் பலவற்றுக்கு இதுவே காரணம். வானிலைப் புள்ளிவிவரத்தில் ஆண்டு மழையை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது. நாள் கணக்கு எழுதும் மாதிரிக்குத் தெரியும்.

மண் என்னும் தொட்டி

நீர் தேங்கிய வயலுக்கும் மேட்டு நிலத்துக்கும் கணக்கு முற்றிலும் பிரியும் இடம் இது. மாதிரி மண்ணை ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கிய தொட்டிகளாகப் பார்க்கிறது. வேர் எட்டும் ஆழம் 50 சென்டிமீட்டர், அதில் பயிர் எடுக்கக்கூடிய நீர் பத்தில் ஒரு பங்கு என்றால், தொட்டியின் கொள்ளளவு 50 மில்லிமீட்டர். வெயில் நாளில் பயிரும் மண்ணும் சேர்ந்து 5 மில்லிமீட்டரை ஆவியாக்கும். ஆக, நிறைந்த தொட்டி பத்து நாளில் காலி. நெல் அதற்கு வெகு முன்பே, தொட்டி பாதி குறையும் முன்னரே, இலையைச் சுருட்டத் தொடங்கிவிடும். மற்ற தானியங்களைவிட நெல் இந்த வகையில் பொறுமை குறைந்தது. வேர் 80 சென்டிமீட்டர் வரை இறங்கும் இரகம் என்றால் தொட்டியின் கொள்ளளவு 80 மில்லிமீட்டராகி, வறட்சியைத் தாங்கும் நாட்கள் கூடுகின்றன. ஆனால் இரகத்துக்கு அந்தத் திறன் இருந்தாலும், கீழ்மண்ணின் அமிலத்தன்மையும் அலுமினியமும் வேரைத் தடுத்துவிடும் செம்மண் சரிவுகள் மடகாஸ்கரில் நிறைய உண்டு. மாதிரிக்கு வேரின் ஆழத்தை விதைப்பையில் எழுதியிருப்பதிலிருந்து கொடுக்க முடியாது. குழி தோண்டிப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

மழை அத்தனையும் தொட்டிக்குள் போவதில்லை. சரிவில் ஒரு பகுதி வழிந்தோடிவிடும். எவ்வளவு ஓடும் என்பதற்கு டிஎஸ்எஸ்ஏடியும் ஆப்சிமும் ஒரு பழைய சூத்திரத்தைக் கையாளுகின்றன. மண்ணுக்கும் சரிவுக்கும் நிலப்போர்வைக்கும் ஏற்ப ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்தால், அன்றைய மழையில் எவ்வளவு ஓடும் என்று அது சொல்லும். அந்த எண் 80 என்று வைத்துப் பார்ப்போம். ஒரே மாலையில் 60 மில்லிமீட்டர் பெய்தால் அதில் 20 ஓடிவிடும். அதே 60 மில்லிமீட்டர் ஆறு நாட்களில் பத்துப் பத்தாகப் பெய்தால் ஒரு துளியும் ஓடாது என்பதே சூத்திரத்தின் விடை.

இந்தச் சிறு கணக்கைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சிறு விவசாயிகளின் நிலத்தில் மாதிரிகள் தவறும் இடங்களில் இது முதன்மையானது. மலைச்சரிவில் மழைமானி இருப்பதில்லை. அருகிலுள்ள வானிலை நிலையம் பள்ளத்தாக்கின் நகரத்தில் முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும். ஆகவே ஆய்வாளர்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் தரவுகளை நாடுகிறார்கள்: நாசா பவர் என்ற தொகுப்பு உலகின் எந்தப் புள்ளிக்கும் நாள்வாரி வெயிலும் வெப்பமும் மழையும் தரும், ஆனால் அதன் ஒரு கட்டம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் அகலமானது. அவ்வளவு பெரிய பரப்பில் மழையைச் சராசரியாக்கினால் என்ன நடக்கிறது? ஒரு குன்றில் கொட்டித் தீர்த்த 60 மில்லிமீட்டரும் அடுத்த குன்றின் வெயிலும் கலந்து, எல்லா இடத்திலும் நாள்தோறும் சிறு தூறலாக மாறிவிடுகிறது. மாத மொத்தம் சரியாகவே இருக்கும். ஆனால் வழிந்தோடிய நீர் மறைந்துவிடும். இடையில் பன்னிரண்டு நாள் மழையின்றிக் காய்ந்ததும் மறைந்துவிடும். கணினியில் அந்த நெல் ஒருபோதும் வாடுவதில்லை. இப்படி வாடாத நெல்லை வைத்துக்கொண்டு வறட்சி ஒரு சிக்கலே இல்லை என்று முடிவு செய்வது எவ்வளவு பெரிய தவறு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1981 முதல் ஐந்தாறு கிலோமீட்டர் கட்டங்களில் கிடைக்கும் சிர்ப்ஸ் போன்ற மழைத் தொகுப்புகள் ஓரளவு உதவுகின்றன. எனினும், விவசாயியின் வேலியில் கட்டிய ஒரு மழைமானியில் ஒரே ஒரு பருவம் அளந்த கணக்கோடு அவற்றை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துவதே முறை.

தழைச்சத்தும் மற்றவையும்

நீர் தேங்கிய வயலின் மண்ணில் காற்று இல்லை. அதனால் தழைச்சத்து அங்கே அம்மோனியமாகவே மண்ணைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. மேட்டு நிலத்தின் மண்ணில் காற்று இருக்கிறது. அம்மோனியம் விரைவில் நைட்ரேட்டாக மாறுகிறது. நைட்ரேட் மண்ணைப் பற்றாது, மழைநீரோடு கீழே இறங்கிவிடும். பருவத்தின் முதல் கனமழை வரும்போது நாற்றின் வேர் விரல் நீளம்கூட இருக்காது. அந்த மழை கொண்டுபோன சத்தை அது எட்டிப் பிடிக்க இயலாது. தேங்கிய நீருக்காக எழுதப்பட்ட மாதிரியை எடுத்து, வரப்பை மட்டும் நீக்கிவிட்டு, மேட்டு நிலத்துக்கு ஓட்டுவது இதனால்தான் பொருந்துவதில்லை.

உரம் வாங்க இயலாத நிலத்தில் பயிருக்குக் கிடைக்கும் தழைச்சத்தின் பெரும்பகுதி மண்ணின் கரிமப்பொருள் மட்குவதிலிருந்தே வருகிறது. ஒரு ஹெக்டேரின் மேல் 20 சென்டிமீட்டர் மண் ஏறத்தாழ 2,200 டன் எடையுள்ளது. அதில் 2 விழுக்காடு கரிமக் கரி என்றால் 44 டன். அதோடு பிணைந்த தழைச்சத்து மூன்று டன்னுக்கு மேல். ஆண்டுக்கு அதில் நூற்றில் இரண்டு பங்கு விடுபட்டால் 60, 70 கிலோ தழைச்சத்து கிடைக்கும். எவ்வளவு விடுபடும் என்பது வெப்பத்தையும் ஈரத்தையும் பொறுத்தது. குளிர்ந்த மேட்டில் மெதுவாகவே விடுபடும். இதையும் மாதிரி நாள்வாரியாகக் கணக்கிடுகிறது.

மணிச்சத்தின் (பாஸ்பரஸின்) நிலை வேறு. மடகாஸ்கரின் செம்மண் மணிச்சத்தை இறுகப் பிடித்துக்கொண்டு பயிருக்குத் தர மறுக்கும் இயல்புடையது. அங்கே விளைச்சலைக் கட்டிப்போடும் காரணங்களில் அது முன்னிற்கிறது. ஆனால் நெல் மாதிரிகள் பலவற்றில் மணிச்சத்துக்குக் கணக்கே இல்லை. ஒரைசா 2000 தழைச்சத்தையும் நீரையும் மட்டுமே பார்க்கிறது. களைகள், குலை நோய், வேரைத் தின்னும் வண்டுகள், நெல்லின் வேரில் ஒட்டி உறிஞ்சும் சுடுமல்லி ஆகிய எவையும் பெரும்பாலான மாதிரிகளின் கணக்கில் இல்லை. மடகாஸ்கரின் மேட்டுப்பகுதிக்கென முதலில் வெளியிடப்பட்ட இரகங்களில் சிலவற்றை விவசாயிகள் கைவிட்டது குலை நோயினால்தான். எந்த வளர்ச்சி மாதிரியும் அதை முன்கூட்டிச் சொல்லியிருக்காது.

தேங்கிய நீர் செய்யும் பெரிய வேலைகளில் ஒன்று களையை அடக்குவது. அது இல்லாத மேட்டு நிலத்தில் களையெடுப்பே பயிரின் விதியைத் தீர்மானிக்கிறது. அந்தக் களையெடுப்பு நாட்களும் பள்ளத்து வயலில் நாற்று நடும் நாட்களும் ஒன்றோடொன்று மோதுகின்றன. வீட்டில் இருப்பது நான்கு கைகள் என்றால், முதலில் நடவு முடியும். மேட்டு நிலத்தின் களை பத்து நாள் காத்திருக்கும். அந்தப் பத்து நாளை மாதிரி அறியாது. எடுத்துக்காட்டாக, மாதிரி ஹெக்டேருக்கு 3.5 டன் என்கிறது, நிலம் 1.5 டன் தருகிறது. இடையிலுள்ள இரண்டு டன்னை விளைச்சல் இடைவெளி என்று அறிக்கைகள் எழுதுகின்றன. அந்த இடைவெளியை விவசாயியின் அறியாமை என்று படிக்கும் பழக்கம் எனக்குச் சற்றும் ஏற்புடையதன்று. அதில் பெரும்பகுதி மாதிரி கணக்கில் எடுத்துக்கொள்ளாத களை, மணிச்சத்து, நோய், ஆள்பற்றாக்குறை ஆகியவற்றின் கூட்டுத்தொகையே. அறிவுரை சொல்வதால் அது மூடாது.

பொருத்துதலும் சரிபார்த்தலும்

நிரலை இறக்கியவுடன் ஓட்டிப் பார்க்க முடியும் என்பதுதான் தொடக்கநிலையாளருக்கு ஆபத்து. எண் ஒன்று கட்டாயம் வரும். ஆனால் இரகத்தின் இயல்புகளை உள்ளூர் அளவீடுகளோடு பொருத்தாமல் வரும் எண்ணுக்குப் பொருள் இல்லை. செரீஸ் நெல் மாதிரியில் ஓர் இரகத்தைக் குறிக்க எட்டு அல்லது அதற்கு மேற்பட்ட எண்கள் வேண்டும்: இளமைப் பருவத்துக்குத் தேவையான வெப்பம், பகல் நீளத்துக்குப் பயிர் காட்டும் உணர்வு, மணி நிரம்பும் காலம், மணியின் எடை, தூர் கட்டும் திறன் போன்றவை. ஒரு வயலில் முளைத்த நாள், கதிர் உருவான நாள், பூத்த நாள், முற்றிய நாள் ஆகியவற்றைக் குறித்து, சில முறை பயிரைப் பிடுங்கி உலர்த்தி எடைபார்த்து, இலைப்பரப்பை அளந்து, மாதிரியின் வளைகோடு அந்த அளவுகளின் மேல் விழும் வரை எண்களைத் திருத்துவார்கள். முதலில் பூக்கும் நாளைச் சரிசெய்ய வேண்டும், பிறகு இலையும் உடற்பொருளும், கடைசியில் விளைச்சல். இந்த வரிசையை மாற்றி, விளைச்சலைப் பார்த்தே எல்லாவற்றையும் திருத்தினால், விடை சரியாகவும் அதற்கான காரணம் தவறாகவும் அமைந்துவிடும்.

அது எவ்வாறு கேடு விளைவிக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. வயலில் விளைச்சல் 1.8 டன், உண்மைக் காரணம் மணிச்சத்துக் குறைவு. மாதிரிக்கு மணிச்சத்து தெரியாது. ஆய்வாளர் மண்ணின் தொட்டியைச் சற்றுச் சிறிதாக்கினால் பயிர் வாடி, அங்கேயும் 1.8 டன் வரும். எண்கள் பொருந்திவிட்டன என்று மகிழ்ந்து, அந்த மாதிரியைக் கொண்டு பரிந்துரை தயாரித்தால், அது வறட்சி தாங்கும் இரகத்தை விதைக்கச் சொல்லும். விவசாயிக்குத் தேவைப்பட்டதோ எரு. இதனால்தான் ஒரு பருவத்தில் பொருத்திய மாதிரியை, பொருத்துவதற்குப் பயன்படுத்தாத வேறொரு பருவத்திலும் வேறொரு வயலிலும் சரிபார்க்க வேண்டும் என்கிறார்கள். விளைச்சலோடு மண்ணின் ஈரத்தையும் பயிரெடுத்த தழைச்சத்தையும் சேர்த்து ஒப்பிட வேண்டும் என்பதும் அதற்காகவே.

எல்லாம் முறையாகச் செய்தாலும் மாதிரிக்கு மாதிரி விடை வேறுபடும். 13 நெல் மாதிரிகளை ஒரே தரவுகளில் ஓட்டி ஒப்பிட்ட பன்னாட்டு ஆய்வு ஒன்று 2015-இல் வெளிவந்தது; எந்த ஒரு மாதிரியும் எல்லா இடங்களிலும் நன்றாகக் கணிக்கவில்லை, ஆனால் அனைத்தின் சராசரி, அளந்த விளைச்சலுக்குப் பத்து விழுக்காட்டுக்குள் நின்றது. அந்த ஆய்வு முறையாகப் பராமரிக்கப்பட்ட சோதனை வயல்களில் நடந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மலைச்சரிவின் சிறு துண்டு நிலத்தில் அந்த நெருக்கத்தை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

சிறு துண்டு என்பதிலேயே இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு அரை ஹெக்டேர் மேட்டு நிலம் இருந்தால் அது மூன்று நான்கு இடங்களில் சிதறிக் கிடக்கும். வீட்டுக்கு அருகிலுள்ள துண்டுக்குத் திமில்மாட்டின் தொழுவுரம் ஆண்டுதோறும் போகும். தொலைவிலுள்ளதற்கு எப்போதாவது ஒரு கூடை. ஆகவே மண் வளம் வீட்டிலிருந்து நடக்க நடக்கக் குறைந்துகொண்டே போகும். உலக மண் வரைபடம் 250 மீட்டருக்கு ஓர் எண் தருகிறது. அந்த 250 மீட்டருக்குள் ஒரு குடும்பத்தின் நல்ல நிலமும் கெட்ட நிலமும் சேர்ந்தே அடங்கிவிடும். அதோடு, விவசாயி சொல்லும் விளைச்சல் பெரும்பாலும் கூடைக் கணக்கு. நிலத்தின் அளவோ கண்மதிப்பு. நிலத்தை நடந்து அளக்காமல் ஹெக்டேருக்கு இத்தனை டன் என்று கணக்கிட்டால், மாதிரியின் பிழையைவிட அளவையின் பிழை பெரிதாகிவிடும்.

எந்தக் கேள்விக்கு மாதிரி உதவும்

இத்தனை குறைகளுக்குப் பிறகும் மாதிரி தேவையா என்றால், கேள்வியைச் சரியாகக் கேட்பவருக்குத் தேவை என்பேன். இந்த ஆண்டு இந்தத் துண்டில் எத்தனை கூடை விளையும் என்பது அதனிடம் கேட்கக்கூடிய கேள்வியே அன்று. இரண்டு வழிகளில் எது பல ஆண்டுகளில் பாதுகாப்பானது என்பதே அதற்குரிய கேள்வி. கணக்கில் இல்லாத களையும் நோயும் இரண்டு வழிகளையும் ஏறக்குறைய ஒன்றுபோலப் பாதிக்கும் என்றால், ஒப்பீடு ஓரளவு நிலைக்கும்.

முப்பது ஆண்டு வானிலை, ஐந்து விதைப்பு நாட்கள், இரண்டு இரகங்கள், எருவோடும் எருவின்றியும் என்றால் 600 ஓட்டங்கள். சாதாரண மடிக்கணினியில் சில நிமிட வேலை. விடையைச் சராசரியாக மட்டும் படிக்காமல், நல்ல ஆண்டு முதல் மோசமான ஆண்டு வரை அது எப்படிப் பரவிக் கிடக்கிறது என்று படிக்க வேண்டும். ஒரு வழியில் சராசரி 2.1 டன், ஆனால் ஐந்தில் ஓர் ஆண்டு அரை டன்னுக்கும் கீழே இறங்குகிறது. மற்றொன்றில் சராசரி 1.9 டன், மிக மோசமான ஆண்டிலும் 1.2 டன் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், சராசரி முதலாவதையே உயர்த்திக் காட்டும். தன் களஞ்சியத்து நெல்லைக் கொண்டே ஆண்டை ஓட்டும் குடும்பம் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பதில் அசைக்க முடியாத நியாயம் இருக்கிறது. மாதிரி அந்த நியாயத்துக்கு எண்களால் உருவம் கொடுக்கிறது.

மடகாஸ்கரிலேயே இத்தகைய இன்னொரு கேள்விக்கு ஸ்டிக்ஸ் மாதிரியைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். சணப்பை இனத்துச் செடி போன்ற பசுந்தாள் பயிரை நெல்லோடு சுழற்சியில் விளைவித்தால், அது விட்டுப்போகும் தழைச்சத்து அடுத்த நெல்லுக்கு எவ்வளவு பயன்படும் என்பது அந்தக் கேள்வி. இதில் சத்தின் கணக்கு ஒரு பாதிதான். பசுந்தாளுக்கு நிலம் ஒரு பருவம் கொடுக்கப்படுகிறது. அந்தப் பருவத்தில் அங்கே உணவு விளையாது. இழந்த அந்த அறுவடையைப் பின்வரும் ஆண்டுகளின் கூடுதல் நெல் எப்போது ஈடுசெய்யும் என்பதைப் பல ஆண்டு மழையில் ஓட்டிப் பார்க்க மாதிரி இடம் தருகிறது. ஒரு பருவம் பட்டினி கிடக்க இயலாத வீட்டிடம் நேராகச் சோதனை செய்துபார் என்று சொல்வதைவிட, முதலில் கணக்கில் பார்த்துவிட்டு, அதிலும் தேறுவதை மட்டும் நிலத்துக்குக் கொண்டுபோவது அந்த வீட்டுக்குச் செய்யும் மரியாதை.

இத்துறையில் புதிதாக இறங்குபவர் பெரும்பாலும் எந்த மென்பொருள் சிறந்தது என்றே முதலில் கேட்கிறார். ஒரைசா, டிஎஸ்எஸ்ஏடி, ஆப்சிம் மூன்றும் ஆய்வுக்குக் கட்டணமின்றியே கிடைக்கின்றன; பழகுவதற்கு எதை எடுத்தாலும் தவறில்லை. அதைவிட, ஆய்வு செய்யும் சரிவில் நான்கைந்து விவசாயிகளோடு உடன்பட்டு, ஒவ்வொருவர் நிலத்திலும் ஒரு மழைமானியைக் கட்டி, வேர் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பூக்கும் பருவத்தில் ஒரு குழி தோண்டிப் பார்த்து, விதைத்த நாள், முளைத்த நாள், களையெடுத்த நாட்கள், பாதிக் கதிர்கள் பூத்த நாள், அறுத்த நாள் ஆகியவற்றை ஒரு நோட்டில் அவர்களையே குறித்து வைக்கச் சொல்வது முதல் பருவத்தின் வேலையாக இருக்கட்டும். நிலத்தின் நான்கு மூலைகளை நடந்து அளந்து, அறுவடையன்று சில சதுர மீட்டர்களைத் தனியே அறுத்து எடைபார்த்துக்கொள்ள வேண்டும். கணினியைத் திறப்பதற்கு அடுத்த பருவத்தின் விதைப்புக்கு முந்தைய மாதங்கள் போதும்.